வண்டுக்கு வரும், பூனைக்கு வராது

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் பெண்களும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததாக உன் வீட்டுக்காரர் சொன்னார். நான் சௌகரியம். ஸ்கேன் அறைக் குளிருக்கு இடுப்பு மட்டும் அவ்வப்போது முணுமுணுக்கும். அதைக் கணக்கில் சேர்க்காதே. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினில் குனிந்தே கிடக்காமல் நடுநடுவே எழுந்து நட.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வரும், நாலாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் இரட்டைப் பெண்கள் சமர்த்துகள். ஏழு வயதுப் பிள்ளைகள் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருப்பது லேசான காரியமில்லை. வண்டு வெளியே வந்ததும், "பெரியம்மா, இந்த மெஷின் ஒரே பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுது, இதுக்கு யாராச்சும் சொல்லிக்கொடுங்க" என்றாள். பூனை வாயே திறக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால்தானே அவளுக்குப் பூனை என்று பேர்.

நேற்று சீட்டுக் குலுக்கினார்கள். இசை வகுப்பு பூனைக்கு, களிமண் பொம்மை வகுப்பு வண்டுக்கு. இரண்டும் உங்கள் ஊரில் ஒரே கட்டடத்தில், பள்ளி விட்ட பிறகு நடக்கும். ஒரே முகம், ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒருத்தி மட்டும் இசை படிக்கிறாள். பயிற்சி மூளையில் என்ன செய்கிறது, பிறவியிலேயே வருவது எவ்வளவு என்று பார்க்க இரட்டையரை விட்டால் வேறு யார் கிடைப்பார்கள்? எங்கள் பெரிய டாக்டரம்மாவுக்கு உன் பெண்கள் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

விதிகளை மறுபடி சொல்கிறேன். வயலின் வகுப்பிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. இரண்டாவது ஸ்கேன் முடியும்வரை வண்டுக்கு யாரும் இசை சொல்லித்தரக் கூடாது. நான் ஸ்கேனில் பார்ப்பதை உன்னிடம் சொல்லக் கூடாது, நீயும் கேட்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கழுத்து இன்னும் உடம்போடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்கு அச்சகத்தில் இந்த மாதம் முழுக்க ராத்திரி வேலை, பகலில் குறட்டை.

அக்கா, அந்தச் சீட்டுக்குக் கண் இல்லையா? வண்டுவுக்கு ஏன் வண்டு என்று பேர் வந்தது, உனக்குத் தெரியாதா? தொட்டிலில் கிடக்கும்போதே ரீங்காரம்தானே! கதவு கிறீச்சிட்டால் அதே சுருதியில் திருப்பிப் பாடுகிறவள். என் மெஷின் ஓடினால் அதற்குத் தாளம் போடுகிறவள். அவளைக் கொண்டுபோய்க் களிமண்ணைப் பிசைய விட்டுவிட்டு, பல் தேய்க்கும்போதுகூடச் சத்தம் வராத பூனை கையில் வயலினைக் கொடுத்திருக்கிறீர்கள். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அங்கே போவது பூனைக்கு வீண், வண்டுவுக்கு ஏக்கம்.

வண்டு ரெண்டு நாளாக அழுகை. "எனக்கு மட்டும் ஏன் மண்ணு?" என்கிறாள். 

நீ அங்கேதானே உட்கார்ந்திருக்கிறாய். பேரை மாற்றி எழுதிவிடேன். ரெண்டும் ஒரே அச்சு, யாருக்குத் தெரியப்போகிறது? ஆராய்ச்சிக்கு ஒருத்திக்கு இசை, ஒருத்திக்கு மண். அதுதானே வேண்டும்? எவளாயிருந்தால் என்ன?

கோபிக்காதே. கோபித்தாலும் பதில் போடு.

தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

இடுப்பு வலி தேவலை. உன் கடிதத்தைப் படித்ததும் தலைவலி வந்தது.

முடியாது. எவளாயிருந்தால் என்ன என்று கேட்கிறாயே, அங்கேதான் எல்லாமே இருக்கிறது. உனக்குப் பிடித்தவளை, ஆர்வமாக இருக்கிறவளைப் பொறுக்கி இசைக்கு அனுப்பினால், கடைசியில் வந்தது பயிற்சியாலா பிறவியாலா என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தானே சீட்டு. நான் இந்த இடத்தில் வேலை செய்கிறவள். என் சொந்தத் தங்கை பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று டாக்டரம்மாவிடம் தனியாக அனுமதி வாங்கி, எந்தக் குளறுபடியும் நடக்காது என்று கையெழுத்துப் போட்டவள். பேரை மாற்று என்று இன்னொரு முறை எழுதாதே.

இன்னொன்று. வண்டுக்குத்தான் வரும், பூனைக்கு வராது என்று உனக்கு யார் சொன்னது? வாயைத் திறந்து சத்தம் போடுவதுதான் இசை ஞானம் என்றால் ஆட்டோக்காரர்கள் எல்லாம் வித்வான்கள். அந்தப் பிள்ளை முன்னால் இப்படிப் பேசித் தொலைக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரரின் குறட்டைக்கும் விசாரிப்பு.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம், வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் துணி. உனக்கு இடுப்புக்குப் பெல்ட் போடச் சொன்னார்களாமே, போடுகிறாயா? இவர் இளைத்துவிட்டார். நான் இளைக்கவில்லை.

நீ சொன்னபடிதான் நடக்கிறேன். அடையாளத்துக்குப் பூனை தலையில் நீலக் கிளிப், வண்டு தலையில் சிவப்பு. வாசலில் ரெண்டு பேரையும் விடுகிறேன், நீலக் கிளிப் இசை அறைக்குப் போகிறது, சிவப்புக் கிளிப் மண் அறைக்குப் போகிறது. வண்டுவுக்கு நான் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே தர!

ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பூனை ஐந்து மாதமாக வகுப்புக்குப் போகிறாள். தினமும் சாயங்காலம், "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, பாடிக் காட்டு" என்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இழுத்து இழுத்து ரெண்டு வரி வரும், மூன்றாவது வரியில் நின்றுவிடும். வண்டு என்ன செய்வாள் தெரியுமா? உள்ளேயிருந்து அந்த மூன்றாவது வரியைச் சுத்தமாகப் பாடிக்கொண்டே வருவாள். வகுப்பு வாசலைக்கூட மிதிக்காதவள்! பூனை ராத்திரி அரைகுறையாக முணுமுணுப்பதைக் கேட்டே கற்றுக்கொள்கிறாளாம். இதற்குப் பேர் பிறவி ஞானம் இல்லாமல் வேறென்ன? உங்கள் மெஷின் ஆயிரம் படம் எடுக்கட்டும், நான் கண்ணால் பார்க்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தும் அக்கறை இல்லையே என்று. போன வாரம் கை நீட்டிவிட்டேன். கன்னத்தில். அவள் அழவில்லை. அழாமல் நின்றதுதான் என்னவோ போல் ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க நான் அழுதேன்.

இப்போது வேறு பயம். சோம்பேறித்தனம் என்றால் ஒரு மாதம், ரெண்டு மாதம். ஐந்து மாதம் போயும் ஏறவில்லை என்றால்? காது டாக்டரிடம் காட்டினேன், காது நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் என்ன பாக்கி, மூளைதானே? பிரசவத்தில் அவள் வெளியே வர நேரமாகிவிட்டது, உனக்குத் தெரியும். அப்போது ஏதாவது ஆகியிருக்குமோ?

செப்டம்பர் ஸ்கேனில் நீ பார்த்துச் சொல். விதி கிதி என்று ஆரம்பிக்காதே. உனக்கும் அவள் பெண்தான்.

தங்கை


ஜூன் 27

அன்புள்ள தங்கைக்கு,

பெல்ட் போடுகிறேன். போட்டால் மூச்சு முட்டுகிறது, போடாவிட்டால் வலிக்கிறது.

பிள்ளை மேல் இனி கை வைத்தாய் என்றால் நான் பஸ் ஏறி வந்து உன் கையை முறிப்பேன். பாட்டு வரவில்லை என்று ஒரு பிள்ளையை அடிப்பார்களா? உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா?

தினமும் பரீட்சை வைப்பதையும் நிறுத்து. வகுப்பில் நடப்பது வகுப்போடு. அக்கம்பக்கத்தில், பள்ளியில், மூளை அது இது என்று பேச்சைக் கிளப்பாதே. பட்டம் கட்டிவிட்டால் அப்புறம் கழற்ற முடியாது.

நீ கேட்டதற்குப் பதில்: நான் படம் எடுக்கிறவள். படத்தைப் படித்துச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கவலைப்படும்படி எதையாவது பார்த்தால் அவர்களே உன்னைக் கூப்பிடுவார்கள். நான் வாயைத் திறக்க முடியாது. இது கல்நெஞ்சம் இல்லை, என் வேலை.

செப்டம்பர் 9 காலை வந்துவிடுங்கள். உலோகம் எதுவும் கூடாது, கிளிப் உட்பட. வரும் வழியில் பிள்ளைகளைப் பயமுறுத்தாதே. நீயும் பயப்படாதே.

அக்கா


செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

அன்றைக்கு உனக்கு என்ன ஆயிற்று? காலையில் வாசலில் சிரித்துக்கொண்டு வந்தவள். நர்ஸ் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய் உடுப்பு மாற்றி, பேர் கேட்டுக் கையில் பட்டை கட்டினார், ஒலி, தாளம் என்று காதுப் பரீட்சை வைத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில். முதல் பிள்ளைக்கு எடுத்து முடித்துவிட்டு நீ வெளியே வந்தாய். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முகத்தில் ஈ ஆடவில்லை. ரெண்டாவதும் முடிந்தபின், "எல்லாம் சரியா அக்கா?" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றாய். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்தாய், எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

முதலில் போனது பூனைதானே? பட்டியலில் அவள் பேர்தான் மேலே இருந்தது. அவள் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே அப்படி வந்தாய்?

என்ன பார்த்தாய் அக்கா? சொல்லிவிடு.  ஒரு சீருடையில் ரெண்டு கையையும் இடது பக்கத்துக்கே தைத்துவிட்டேன், அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் இதை எழுதத் தோன்றியது.

அவளை இப்போது திட்டுவதில்லை. தலையைத் தடவிவிடுகிறேன், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள்.

தங்கை


செப்டம்பர் 27

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

போன் எடுக்கமாட்டேன் என்கிறாய், கடிதத்துக்குப் பதிலில்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரியாதா? கட்டியா? வளர்ச்சி குறைவா? எதுவானாலும் சொல். இவரிடம்கூடச் சொல்லாமல் நான் ஒருத்தியே சுமக்கிறேன். நேற்று பூனை என்னிடம், "அம்மா, ஏன் என்னையே பாத்துட்டிருக்க?" என்று கேட்டாள்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை நான் அங்கே வந்து உன் வாசலில் உட்காருவேன்.


அக்டோபர் 3

தங்கைக்கு,

முதல் விஷயம் முதலில். பூனைக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இது நானாகச் சொல்வதில்லை. டாக்டர் படித்துப் பார்த்து, நல்ல ஆரோக்கியமான மூளை என்று எழுதியிருக்கிறார். நீ அந்தப் பயத்தில் இருப்பாய் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்கேனுக்குப் பிறகு நீ போட்ட முதல் கடிதத்தைக் கோபத்தில் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தேன். இரண்டாவதைப் பிரித்த பிறகுதான் முதலாவதைப் படித்தேன். அதற்கு மன்னித்துக்கொள்.

இனி என் கோபம் என்னவென்று சொல்கிறேன்.

புதிய படம் எடுக்கும்போது பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் கோணத்தைச் சரிசெய்வேன். மூளையின் மேல்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும், பிழிந்து வைத்த துணி மாதிரி. பெரிய மடிப்புகள் பிறப்பதற்கு முன்பே விழுந்துவிடும். ஆளுக்கு ஆள் வேறு. முகம், குரல், நடை எல்லாம் அச்சாக இருக்கும் இரட்டையருக்குக்கூட வேறு. இசை படித்தால் சில இடங்கள் கொஞ்சம் தடிக்கலாம், சில பாதைகள் பலப்படலாம். மடிப்பு இடம் மாறாது.

அன்றைக்குப் பூனையின் பேர் எழுதிய பட்டையோடு குழாய்க்குள் படுத்திருந்தவளின் மடிப்புகள் பூனையின் பழைய படத்தோடு ஒட்டவில்லை. வண்டுவின் படத்தைத் திறந்தேன். அச்சாகப் பொருந்தியது. அடுத்து வண்டுவின் பட்டையோடு வந்தவள் பூனை.

காதுப் பரீட்சையில் பூனையின் பேரில் வந்தவள் வெளுத்து வாங்கியிருக்கிறாள். வகுப்பில் படித்தது வண்டுதான் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜனவரியிலேயே கேட்டாய், யாருக்குத் தெரியப்போகிறது என்று. முடியாது என்றேன். நீ சரி என்று தலையாட்டிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல மாற்றி அனுப்பிவிட்டாய். அதோடு விட்டாயா? பூனைக்கு ஏறவில்லை, வண்டுவுக்குப் பிறவி ஞானம் என்று எனக்கே கதை எழுதினாய். மூளையில் கோளாறா பார் என்று அழுதாய். அதை நம்பி நான் எத்தனை ராத்திரி தூங்கவில்லை தெரியுமா?

மாதக் கடைசிக்குள் எல்லாப் பிள்ளைகளின் படங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அதற்குள் டாக்டரம்மாவிடம் நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் என் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளை வைத்துச் செய்த வேலையில் நான் தெரிந்தே பொய்யைக் கலந்தவள் ஆவேன். போய்ச் சொல்லும் முன் ஒன்று மட்டும் வேண்டும், உன் கையால் உண்மையை எழுது.

அக்கா


அக்டோபர் 9

அக்கா,

உன் கடிதத்தின் முதல் ரெண்டு வரியைப் படித்துவிட்டு மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். மிச்சத்தைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. நான் மாற்றி அனுப்பினேனா? என்னைப் பற்றி உனக்கு இவ்வளவுதான் மதிப்பா? என் பிள்ளைகள் மேல் ஆணை, எனக்கு ஒன்றும் தெரியாது. இதைத்தான் நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ரெண்டும் பள்ளிவிட்டு வந்தன.

வண்டுவைக் கூப்பிட்டேன். "மண் வகுப்புக்கு நீ போனியா, பூனை போனாளா?" என்றேன். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்மா, பூனைதான் கிளிப்பை மாத்திவிட்டா" என்றாள். படிக்கட்டுக்குக் கீழே தினமும் கிளிப்பை மாற்றிக்கொள்வார்களாம். வரும்போது மறுபடி மாற்றிக்கொள்வார்களாம். ராத்திரி போர்வைக்குள் வண்டு பூனைக்கு ரெண்டு வரி சொல்லிக்கொடுப்பாளாம், நான் கேட்டால் பாடிக் காட்ட. ஸ்கேன் அன்றைக்கு, பாட்டு படிச்சவதானே பாட்டுப் பிள்ளையா போகணும் என்று ரெண்டும் பேசி வைத்துக்கொண்டு நர்ஸிடம் பேரை மாற்றிச் சொல்லியிருக்கின்றன.

முதல் ஒரு மாதம் பூனைதான் போயிருக்கிறாள். பிப்ரவரி நடுவிலிருந்துதான் இந்தக் கூத்து.

பூனையை உட்கார வைத்தேன். அவள் அழவில்லை. அப்படியே எழுதுகிறேன் அக்கா, ஒரு சொல் கூட்டவில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"வண்டுக்குத்தானே வரும்."

"யார் சொன்னா?"

"நீதான். அப்பாகிட்ட சொன்ன, கடைக்காரம்மாகிட்ட சொன்ன. பூனைக்குப் போறது வீண்னு சொன்ன. வீணா போறதுக்கு அவளாச்சும் படிக்கட்டும்னு கொடுத்துட்டேன்."

"தினமும் திட்டு வாங்கினியே. நான் அடிச்சேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வண்டை நிறுத்திடுவாங்களே."

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "உனக்கு அந்த வகுப்பு பிடிக்கலையா?"

"பிடிச்சுதே," என்றாள். "ரொம்பப் பிடிச்சுது."

அக்கா, நாலு மாதமாக வகுப்புக்கே போகாத பிள்ளையை, வகுப்புக்குப் போயும் தேறவில்லை என்று அடித்திருக்கிறேன். மூளை சரியில்லை என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். அவள் அதையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நீ டாக்டரம்மாவிடம் போய்ச் சொல். என்னைப் பார்க்காதே.

தங்கை


அக்டோபர் 25

அன்புள்ள தங்கைக்கு,

உன்னைச் சந்தேகப்பட்டேன். ஜனவரியில் நீ எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்த வார்த்தைகளைத் திரும்ப எடுக்க முடியாது, மன்னிப்புதான் கேட்க முடியும். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, தனியாகச் சுமக்காதே.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சொந்தக்காரர் பிள்ளைகளுக்கு நீயே படம் எடுத்ததே தப்பு, அனுமதித்தது என் தப்பு என்றார். இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இசை வகுப்பும் மண் வகுப்பும் இன்றோடு முடிந்தன. வண்டுவிடம் நீதான் சொல்ல வேண்டும். என்னை ஸ்கேன் அறையிலிருந்து வரவேற்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். குளிர் இல்லை, இடுப்புக்கு நல்லதுதான். ஆனால் வேலை போன மாதிரிதான் இருக்கிறது.

ஆராய்ச்சியில் இல்லாததால் இனி உன்னிடம் சொல்லலாம் என்று டாக்டரம்மாவே சொன்னார், சொல்கிறேன். ஜனவரியில், ஒருத்தியும் வகுப்புக்குப் போகும் முன், இரண்டு பேருக்கும் காதுப் பரீட்சை வைத்தோமே, இரண்டு ஒலியும் ஒன்றா வேறா, தாளத்தைத் திருப்பித் தட்டு என்றெல்லாம். வண்டுவும் பூனையும் ஏறக்குறைய ஒரே மார்க். அந்த முதல் மாதத்து ஆசிரியரின் குறிப்பில், கூச்சமான பிள்ளை, காது கூர்மை என்று எழுதியிருக்கிறது. அது பூனை. செப்டம்பரில் வண்டு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டாள். பூனை ஜனவரியில் இருந்த இடத்திலேயே நிற்கிறாள்.

பிறவியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வண்டு வாயைத் திறந்து பிறந்தாள், பூனை வாயை மூடிப் பிறந்தாள், அது பிறவிதான். நாம் திறந்த வாயைப் பார்த்து ஞானம் என்றோம்.

நம் வீட்டிலும் உன்னைக் கைவேலைக்காரி என்றும் என்னைப் படிப்பாளி என்றும்தான் பிரித்து வைத்தார்கள். எட்டாவதோடு உன்னைத் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 

பூனையை விட்டுப் பிடி. உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதே.

அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிச் சொல்லி உனக்குக் கொஞ்சம் சிரிப்பாவது வந்திருக்குமே! இவர் நலம். நானும் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் பாதி. எட்டாவதைப் பற்றி நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். அதை நேரில் பேசுவோம். போனில் வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். பகலில் வங்கி வேலை, சாயங்காலம் பிள்ளைகளுக்கு வயலின். ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டேன். வண்டு முதல் நாளே அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள். பூனை போகமாட்டேன் என்றாள். "நீ வந்தாத்தான் நானும்" என்று வண்டு உட்கார்ந்துகொண்டாள், அதற்காகப் போகிறாள். டீச்சர் என்னிடம், "இந்த அமைதியான பிள்ளைக்கு நல்லா வருது" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன், அவர் பயந்துபோனார்.

வீட்டில் என் முன்னால் ஒரு வரி பாடமாட்டாள். டீச்சர் கொடுத்தனுப்பிய வயலினின் வில்லைக்கூடத் தொடமாட்டாள். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, "பாடு கண்ணு, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா கேக்குறேன்" என்றேன். 

"வேணாம்மா," என்றாள். "நீ கேட்டா வராது."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. பசிக்கவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அப்புறம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் மெஷின் ஓடும்போது மட்டும் உள் அறையில் வாசிக்கிறாள், பாடுகிறாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று அவளுக்கு நம்பிக்கை. உண்மையிலேயே கேட்காதுதான். ஒரு நாள் கேட்க ஆசைப்பட்டு மெல்ல நிறுத்திப் பார்த்தேன், உள்ளே உடனே நின்றுவிட்டது. "நல்லா பாடுறாம்மா" என்று வண்டு வந்து என் காதில் சொல்வாள். அதுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் தைக்க வேலை இல்லாவிட்டாலும் சாயங்காலம் துணியே போடாமல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். மேஜை ஆடிக்கொண்டே இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

தங்கை